இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 - ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தமிழகத்தின் திருநெல்வேலிச் சீமையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த கிறித்தவ சமயப் பரப்புநரும் ஆயரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவான இலக்கணச் சான்றுகளுடன் 1856ஆம் ஆண்டு வெளியான தமது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற நூலில் நிறுவினார். அந்நூலில் வினைச்சொற்களின் அமைப்பைப் பற்றி அவர் செய்த ஆய்வு இன்றும் பயிலத்தக்கது. ஆங்கில வினைத்தொடர்களைக் கற்கும் தமிழ் மாணவர்களுக்கும் அது துணைசெய்யக் கூடியது. அதே வேளையில், 1849ஆம் ஆண்டில் அவர் எழுதிய மற்றொரு நூல் தென்மாவட்ட மக்களில் ஒரு பெரும் பிரிவினரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது.

பிறப்பும் கல்வியும்

கால்டுவெல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் உள்ள கிளேடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இசுக்காட்லாந்து மரபினர், வசதி குறைந்தவர்கள். அவரது சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் ஓவியக்கலை பயின்ற அவர், பின்னர் சமயப் பணியில் நாட்டம் கொண்டு இலண்டன் மிசனரி சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கத்தின் உதவியுடன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த டேனியல் சேண்ட்ஃபோர்டு என்பவரின் வகுப்புகளே அவருக்கு மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஆர்வத்தை ஊட்டின. சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றை ஒப்பிட்டு இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தை ஐரோப்பிய அறிஞர்கள் நிறுவிக்கொண்டிருந்த காலம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை வருகை

கால்டுவெல் 1838ஆம் ஆண்டு சனவரி 8 அன்று கப்பல் வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. அக்கப்பலில் அவருடன் பயணம் செய்தவர்களுள் தெலுங்கு அறிஞரான சார்லஸ் பிலிப் பிரவுனும் ஒருவர். இந்திய மொழிகளைப் பற்றிய தொடக்க அறிவை அவரிடமிருந்து கால்டுவெல் பெற்றார். சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரூ அவர்களுடன் அங்கு நெருங்கிப் பழகினார்.

1841ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் நற்செய்தி பரப்பும் சங்கத்தில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு அவர் செய்த பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். மக்களின் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் நேரில் அறிவதே இந்நடைப்பயணத்தின் நோக்கமாக இருந்தது.

இடையன்குடியில்

1841ஆம் ஆண்டின் இறுதியில் கால்டுவெல் இடையன்குடி வந்தடைந்தார். இவ்வூர் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகில், செம்மணல் தேரிகளும் பனைமரங்களும் நிறைந்த பகுதியில் அமைந்துள்ளது. ஊரின் தெருக்களை ஒழுங்குபடுத்தியும், கிணறுகள் வெட்டியும், பள்ளிகள் தொடங்கியும் அவர் பணியாற்றினார்.

1844ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் பணிபுரிந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மகள் எலைசாவை மணந்தார். தென்திருவிதாங்கூரில் வளர்ந்த எலைசா தமிழை நன்கு பேசக்கூடியவர். இடையன்குடியில் பெண்களுக்கான பள்ளியை நடத்தியதும், பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்து அவர்களுக்கு வருவாய் கிடைக்க வழிசெய்ததும் அவரே ஆவார்.

இடையன்குடித் தேவாலயத்தின் கட்டுமானம் 1847ஆம் ஆண்டில் தொடங்கியது. நிதிப் பற்றாக்குறையாலும் பிற தடைகளாலும் 33 ஆண்டுகள் நீண்ட இப்பணி, 1880ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

ஒப்பிலக்கணம்

உடல்நலக் குறைவால் 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற கால்டுவெல், அங்கு தங்கியிருந்த காலத்தில் தமது ஒப்பிலக்கண நூலை 1856ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மீண்டும் 1870களில் இங்கிலாந்து சென்றபோது நூலைப் பெரிதும் விரிவுபடுத்தி 1875ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். இவ்விரண்டாம் பதிப்பில் 12 திராவிட மொழிகளை அவர் பட்டியலிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவற்றைத் திருந்திய மொழிகள் என்றும், துதம், கோத்தம், கோண்டு, கூ, ஒராவோன், இராசமகால் ஆகியவற்றைத் திருந்தா மொழிகள் என்றும் வகைப்படுத்தினார். இவ்வகைப்பாட்டை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை.

தென்னிந்திய மொழிகள் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்ற கருத்தைக் கால்டுவெல்லுக்கு முன்பே பிரான்சிஸ் வைட் எல்லிஸ் கூறியுள்ளார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியுடன் தொடர்புடைய எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வினை வேர்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, 1816ஆம் ஆண்டில் காம்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரையாக வெளிவந்தது. எனினும் 1819ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தில் எல்லிஸ் காலமானதால் அவரது ஆய்வு தொடரவில்லை. சொற்களை மட்டுமன்றி ஒலிகள், வேர்கள், பெயர், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை என முழு இலக்கணத்தையும் ஒப்பிட்டு நிறுவியதே கால்டுவெல்லின் தனிச்சிறப்பாகும்.

வினைச்சொல் பற்றிய ஆய்வு

ஒரு மொழி பிற மொழிகளிடமிருந்து சொற்களை எளிதில் கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால், வினைச்சொல்லை உருவாக்கும் முறையை அவ்வளவு எளிதில் கடன் வாங்குவதில்லை. எனவே மொழிகளின் உறவை அறிய வினையமைப்பு வலுவான சான்றாகும். கால்டுவெல்லின் வினையியல் முன்வைத்த முதன்மையான செய்திகள் பின்வருமாறு:

வினைமுற்றின் அமைப்பு: திராவிட மொழிகளின் வினைமுற்று, வினையடி, காலம் காட்டும் உறுப்பு, இடம் காட்டும் உறுப்பு என்ற வரிசையில் அமைகிறது. நன்னூல் இவற்றைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று அழைக்கிறது. 'வருகிறான்' என்பதில் உள்ள 'ஆன்', 'அவன்' என்ற சுட்டுப்பெயருடன் தொடர்புடையது. 'நான் வந்தேன்' என்பதற்குக் கன்னடத்தில் 'பந்தெனு' என்றும், தெலுங்கில் 'வச்சானு' என்றும் வழங்குகின்றன. மலையாளத்தில் 'வன்னு' என்று மட்டுமே வரும். ஆள் எவராயினும் வடிவம் மாறாது. பழைய மலையாளத்தில் விகுதிகள் காணப்படுவதைச் சுட்டிக்காட்டிய கால்டுவெல், இவை பிற்காலத்தில் கைவிடப்பட்டவை என விளக்கினார்.

எதிர்மறை வினை: தமிழில் 'செய்யேன்' என்ற வடிவத்தில் காலம் காட்டும் உறுப்பு இல்லை, தனியான எதிர்மறைச் சொல்லும் இல்லை. வினையடியுடன் விகுதி சேர்ந்த இவ்வடிவமே மறுப்பை உணர்த்துகிறது. தெலுங்கில் 'சேயனு' என்பதும் இத்தகையதே. வினைக்கே எதிர்மறை வடிவம் இருப்பதைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்பாகக் கால்டுவெல் கருதினார்.

எச்சங்கள்: ஆங்கிலத்தில் 'ஊ', 'விச்' போன்ற இணைப்புப் பெயர்களைக் கொண்டு அமைக்கப்படும் துணை வாக்கியங்கள், தமிழில் பெயரெச்சமாக அமைகின்றன. 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' என்னும் ஒரு சொல்லே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. அதேபோல் 'அண்டு' என்னும் சொல்லால் ஆங்கிலத்தில் இணைக்கப்படும் செயல்கள், தமிழில் வினையெச்சத் தொடராக அமைகின்றன. 'எழுந்து குளித்து உண்டு புறப்பட்டான்' என்பது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

செயப்பாட்டு வினை: 'படு' என்னும் துணைவினையைக் கொண்டே தமிழில் செயப்பாட்டு வினை அமைக்கப்படுகிறது. இலத்தீன், சமற்கிருதம் போன்று இதற்கெனத் தனி வினைத்திரிபு இல்லை என்பதைக் கால்டுவெல் சுட்டினார்.

ஆங்கில வினைத்தொடருடன் ஒப்பீடு

திராவிட மொழிகளில் ஆளும் சொல், ஆளப்படும் சொல்லுக்குப் பின்னரே வரும் என்பது கால்டுவெல் வலியுறுத்திய பொது விதிகளுள் ஒன்று. ஆங்கில வினைத்தொடரையும் தமிழ் வினைத்தொடரையும் பிற்கால மொழியியல் முறையில் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்விதியின் பொருள் தெளிவாகும்.

'கடிதம் எழுதப்பட்டிருக்கும்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'தி லெட்டர் வில் ஹாவ் பீன் ரிட்டன்' எனலாம். ஆங்கிலத்தில் வரிசை 'வில்', 'ஹாவ்', 'பீன்', 'ரிட்டன்' என்பதாகும். தமிழில் 'எழுத', 'பட்டு', 'இரு', 'உம்' என்பதே வரிசை. 'ரிட்டன்' என்பதற்கு 'எழுத' என்பதும், 'பீன்' என்பதற்குப் 'பட்டு' என்பதும், 'ஹாவ்' என்பதற்கு 'இரு' என்பதும், 'வில்' என்பதற்கு 'உம்' என்பதும் இணையாகின்றன. கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றின் வரிசை மற்றொன்றில் தலைகீழாக அமைந்துள்ளது.

இவ்வொற்றுமை வரிசையோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு துணைவினையும் தன்னை அடுத்துள்ள வினையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் 'வில்' என்பதை அடுத்து வினையின் அடிப்படை வடிவம் வரும். 'ஹாவ்' என்பதை அடுத்து இறந்தகால எச்ச வடிவம் வரும். தொடர்வினையில் 'பீ' என்பதை அடுத்து 'இங்' ஈறு பெற்ற வடிவமும், செயப்பாட்டு வினையில் இறந்தகால எச்ச வடிவமும் வரும். தமிழில் 'படு' என்பதற்கு முன் 'எழுத' என்னும் செய என் எச்சம் வர வேண்டும். 'இரு', 'கொள்' என்பவற்றிற்கு முன் 'எழுதி' என்னும் செய்து என் எச்சம் வர வேண்டும். அதாவது, இரு மொழிகளிலும் கட்டுப்பாடு ஒன்றே. ஆங்கிலத்தில் அது இடமிருந்து வலமாகவும், தமிழில் வலமிருந்து இடமாகவும் இயங்குகிறது.

'படித்துக்கொண்டிருந்திருப்பான்' என்ற நீண்ட சொல்லும் இவ்வாறே பிரிக்கத்தக்கது. 'படித்து' முதன்மை வினை. 'கொண்டிருந்து' தொடர்ச்சியைக் காட்டுகிறது. அதனை அடுத்த 'இரு' நிறைவைக் காட்டுகிறது. 'ப்ப்' எதிர்காலத்தையும், 'ஆன்' படர்க்கை ஆண்பாலையும் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் இது 'ஹீ வில் ஹாவ் பீன் ரீடிங்' என நான்கு சொற்களாகவும், எழுவாய் தனியாகவும் நிற்கிறது.

வேறுபாடுகளும் உள்ளன. ஆங்கிலத்தில் வினா எழுப்ப முதல் துணைவினை எழுவாய்க்கு முன் நகர்கிறது. 'ஹீ இஸ் கமிங்' என்பது 'இஸ் ஹீ கமிங்' என்றாகிறது. துணைவினை இல்லாதபோது 'டூ' என்பது அவ்விடத்தில் வருகிறது. எதிர்மறையிலும் 'டிட் நாட் கம்' என இவ்வாறே நிகழ்கிறது. தமிழில் எதுவும் நகர்வதில்லை. 'வருகிறானா' என இறுதியில் 'ஆ' சேர்வதும், 'வரவில்லை' என இறுதியில் 'இல்லை' வருவதும் போதுமானவை. தமிழ்வழி மாணவர்கள் 'டூ' என்பதன் தேவையை உணர்வதில் இடர்ப்படுவதற்கு, அதற்கு இணையான உறுப்பு தமிழில் இல்லாமையே காரணம்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியலாளர் சோசப் கிரீன்பெர்க், உலகின் பல மொழிகளை ஒப்பிட்டு, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையுடைய மொழிகளில் திரிபு பெறும் துணைவினை முதன்மை வினைக்குப் பின்னரே வரும் என்ற பொதுவிதியை முன்வைத்தார். திராவிட மொழிகளுக்குக் கால்டுவெல் கூறிய விதி, இவ்வாறு உலகளாவிய ஒரு போக்கின் பகுதியாக அறியப்பட்டது.

1849ஆம் ஆண்டு நூலும் சிவகாசி, விருதுநகர் வட்டாரமும்

ஒப்பிலக்கணத்திற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1849ஆம் ஆண்டில் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார் என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். நாடார் சமூகத்தினர் அக்காலத்தில் பிறரால் அழைக்கப்பட்ட பெயரையே இந்நூல் தலைப்பாகக் கொண்டது. இடையன்குடிச் சுற்றுவட்டாரத்தில் பனைத்தொழில் செய்தோரின் வாழ்க்கையையும் வழிபாட்டையும் விவரித்த இந்நூல், அவர்களை அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்களாகச் சித்திரித்தது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் கூறியது. சமயப் பணிக்கு இங்கிலாந்து மக்களின் ஆதரவைத் திரட்டும் நோக்கில் எழுதப்பட்ட இந்நூலின் செய்திகள், அச்சமூகத்தில் கல்வி பெற்றவர்களை எட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மிசனரிகளிடம் பணியாற்றிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, கால்டுவெல்லின் கருத்துகளை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர். அவர் 1857ஆம் ஆண்டில் நாசரேத்துக்கு அருகில் ஐரோப்பியரைச் சாராத தனித் திருச்சபை ஒன்றை நிறுவினார்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசியும் திருவில்லிபுத்தூரும் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன; 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதே அவை பிரிந்தன. சிவகாசி, விருதுபட்டி (1923 முதல் விருதுநகர்), அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வாழ்ந்த நாடார்கள் பெரும்பாலும் வணிகர்கள். உறவின்முறை என்னும் அமைப்பின் வழியாகவும், வணிகத்தில் பெறப்பட்ட மகமை என்னும் பொதுநிதியின் வழியாகவும் பள்ளிகளையும் பிற பொதுப்பணிகளையும் நடத்திவந்தனர். தேரிப்பகுதியின் ஒரு பிரிவினரைக் கண்டு எழுதப்பட்ட விவரிப்பு, இவர்கள் உள்ளிட்ட முழுச் சமூகத்தின் மீதும் ஏற்றப்பட்டதே குறையாக உணரப்பட்டது. தங்களைச் சத்திரிய மரபினர் எனக் கருதிய இவ்வணிகர்கள் விருதுநகரில் நிறுவிய பள்ளிக்குச் சத்திரிய வித்தியாசாலை எனப் பெயரிட்டனர். பிற்காலத்தில் தமிழக முதல்வரான காமராசர் பயின்ற பள்ளி இதுவே.

சமூக மதிப்பு பற்றிய இப்பூசல் கால்டுவெல்லின் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1897ஆம் ஆண்டின் கமுதி கோயில் நுழைவு வழக்கும், 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரமும் இதன் விளைவுகளாகும். 1921ஆம் ஆண்டில் அரசு ஆவணங்களில் நாடார் என்ற பெயர் ஏற்கப்பட்டது. கலவரத்தைக் கண்ட சிவகாசி, 1920களில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலால் உயர்ந்து, பின்னர் பட்டாசு, அச்சுத் தொழில்களிலும் நாடறிந்த நகரமாயிற்று.

பிற பணிகள்

தாமிரபரணிக் கழிமுகப் பகுதியில் உள்ள கொற்கை, பழைய காயல் ஆகிய இடங்களில் கால்டுவெல் அகழாய்வு மேற்கொண்டார். 1881ஆம் ஆண்டில் அரசு அச்சகம் வெளியிட்ட அவரது திருநெல்வேலி மாவட்ட வரலாறு, பாண்டியர் காலம் முதல் பாளையக்காரர் காலம் வரையிலான செய்திகளைத் தொகுத்துரைக்கிறது. தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் அவர் பங்குபெற்றார்.

இறுதிக் காலம்

கால்டுவெல் 1877ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று கல்கத்தாவில், எட்வர்டு சார்சண்டுடன் சேர்ந்து, சென்னைப் பேராயருக்குத் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1877-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது துயர்நீக்கப் பணிகளில் ஈடுபட்டார். 1883ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய தேவாலயத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

கால்டுவெல்லின் முடிவுகள் அனைத்தும் நிலைத்துவிடவில்லை. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் என்னும் பெருங்குடும்பத்துடன் இணைத்த அவரது கோட்பாட்டை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. தமிழ் இலக்கியங்களுக்கு அவர் கணித்த காலமும் மிகப் பிந்தியது. சங்க நூல்கள் அவர் காலத்தில் பரவலாக அறியப்படாமையே இதற்குக் காரணம். கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலும், புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிலும் அச்சில் கொண்டுவந்தனர்.

வினையியலிலும் சில திருத்தங்கள் ஏற்பட்டுள்ளன. மூலத் திராவிட மொழியில் இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது என்ற இரண்டே காலங்கள் இருந்தன என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. 'கின்று', 'கிறு' என்னும் நிகழ்கால இடைநிலைகள் தமிழில் பின்னர் வளர்ந்தவை. பர்ரோவும் எமனோவும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும், பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகள் நூலும் இத்துறையைப் பெரிதும் முன்னெடுத்துச் சென்றன. இருப்பினும், சொற்களின் ஒற்றுமையைக் காட்டிலும் இலக்கண அமைப்பின் ஒற்றுமையே உறவுக்குச் சான்று என்ற அவரது அணுகுமுறை மாறாமல் நிற்கிறது. மொழிகளை ஒப்பிடுகையில் அவர் கடைப்பிடித்த கவனத்தை, தம்மைச் சுற்றி வாழ்ந்த மக்களை மதிப்பிடுகையில் கடைப்பிடிக்கவில்லை என்பது அவரைப் பற்றிய நேர்மையான மதிப்பீட்டில் இடம்பெற வேண்டியதாகும்.

நினைவுச் சின்னங்கள்

1968ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, மெரினா கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை நிறுவப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு தமிழ்நாடு அரசால் நினைவு இல்லமாக்கப்பட்டு 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.